தொப்பி மாமாவுக்குப் பஸ்ஸில் ஓர் இடம்

நீச்சல் தொப்பியை நீங்கள் யாருக்காவது மாட்டிவிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அது சின்ன வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர். அதை ஈரத் தலையில், அதுவும் இடுப்புவரை முடி வளர்த்த பெண்ணின் தலையில், ஓர் இழை வெளியே நீட்டாமல் ஏற்ற வேண்டும். பெற்ற தாய் செய்தாலே பிள்ளை ஊரைக் கூட்டும். பாதித் தொப்பிகள் நகம் பட்டுக் கிழியும். மீதி, பிள்ளை குதித்த மறுகணமே கழன்று தனியாக மிதந்து போகும்.

இந்த வேலையில் ஒருவர் கில்லாடி. அவருக்குத் தொழில் சோஃபா தைப்பது. பஞ்சுத் திண்டை அதைவிடச் சின்ன உறைக்குள் திணித்து, மூலைமூலையாகக் கட்டைவிரலால் தள்ளி நிமிர்த்துவதையே இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்துவருகிறார். உறை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் சுருக்கம் விழாது என்பது அவர் கட்சி. திண்டு போன்றதுதான் தலையும். என்ன, திண்டு பேசாது.

மகளை ஏழு வயதில் நீச்சல் மன்றத்தில் சேர்த்த புதிதில், தொப்பியோடு மல்லுக்கட்டி அழுதுகொண்டிருந்த ஏதோ ஒரு பெண்ணுக்குப் போகிற போக்கில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். பிறகு வரிசையே நின்றது. அவர் கையால் போட்டுக்கொண்டால் நன்றாக நீந்த வருகிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒருமுறை அவர் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் போட்டிக்கு அழைத்துவிட, மூன்று பிள்ளைகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி கழிவறை வாசலிலேயே தவம் கிடந்தார்கள். அன்றிலிருந்து அவர் தொப்பி மாமா. சொந்தப் பெயர் என்ன என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மனிதருக்கு நீந்தத் தெரியாது. கணுக்காலுக்கு மேல் வருகிற எந்தத் தண்ணீரையும் அவர் நம்பியது கிடையாது. குளத்தோரம் நடக்கும்போதுகூடச் சுவரை ஒட்டித்தான் நடப்பார். ஆனால் அந்த மருந்து வாடையும், விசில் சத்தமும், ஈரத் தரையில் சப்புச் சப்பென்று ஓடும் கால்களும் இல்லாவிட்டால் அவருக்கு வாரம் விடியாது. அதிலும் வெளியூர்ப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே பையில் துண்டு, பவுடர் டப்பா, மாற்றுத் தொப்பிகள் எல்லாம் ஏறிவிடும். கடையில் தையல் இயந்திரத்தோடு சேர்ந்து அவரும் பாடுவார்.

வெளியூர்ப் பயணத்துக்கு மன்றம் ஒரு பஸ் பிடிக்கும். அதில் ஒரு கறாரான விதி உண்டு. நீந்துகிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கூட ஒரு பெரியவருக்கு இடம். பிள்ளை இல்லாத பெரியவருக்கு இடம் இல்லை. முன்பு ஒரு காலத்தில் மச்சான், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஏறிக்கொண்டு, கடைசியில் நீந்த வேண்டிய பிள்ளையே நின்றுகொண்டு போன கதை நடந்திருக்கிறது. அதன் பிறகு பயிற்சியாளர் அம்மா போட்ட விதி அது. அந்த அம்மா விசில் ஊதினால் தண்ணீரே ஒரு கணம் அலையடிக்காமல் நிற்கும் என்பார்கள். விதியைத் தளர்த்தச் சொல்லி அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தட்டைக் கழுவிக்கொண்டே மகள் சொன்னாள்: "அப்பா, நான் இனிமே நீச்சலுக்குப் போகலைப்பா."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? யாராவது திட்டினாங்களா? தோள்பட்டை வலிக்குதா?"

"ஒண்ணுமே இல்லப்பா. ஏழு வருஷம் நீந்தியாச்சு. ஆசை தீர்ந்துபோச்சு. ஸ்கூல்ல நாடகத்துல சேர்ந்திருக்கேன், அது ஞாயித்துக்கிழமைதான் ஒத்திகை."

அவள் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை. நன்றாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவள் போல இருந்தாள். "சரிம்மா. மேடம்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை, கடையில் அவசர வேலை. புதன்கிழமை பயிற்சியாளர் அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. போன் இரண்டு தடவை ஒலிப்பதற்குள் இவரே வைத்துவிட்டார் என்பது வேறு விஷயம். "சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் "சொல்லிடறேன், சொல்லிடறேன்" என்று சப்பைக்கட்டு. உண்மை அவருக்கே தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பஸ்ஸில் இடம் போய்விடும். மகள் விட்டது நீச்சலை. ஆனால் அவரிடமிருந்து போவது அந்தப் பிள்ளைகள் கூட்டம் முழுவதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் போட்டி. விடிகாலையில் மகள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அவர் சத்தமில்லாமல் பையைத் தோளில் மாட்டினார். மைதானத்து ஓரம் பஸ் நின்ற இடத்துக்குக் கால்கள் அவரைக் கேட்காமலேயே நடந்தன. ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தும் விட்டார். பயிற்சியாளர் அம்மா ஏறிவந்து பக்கத்து இடத்தைப் பார்த்தார்.

"எங்கே உங்க பொண்ணு?"

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் வாயிலிருந்து வந்தது வேறு. "காய்ச்சல்ங்க மேடம்."

"கிளம்பற நேரத்துலயா சொல்வீங்க? ரிலேல அவ இடத்துக்கு இப்ப நான் யாரைப் போடறது?" அம்மா பஸ்ஸை ஒரு நோட்டம் விட்டார். கண் பின்வரிசையில் நின்றது. "ஏய் தவளை, இன்னைக்கு மட்டும் அக்காவுக்குப் பதிலா நீ நீந்தறே."

தவளை என்பது பத்து வயதுப் பெண். தவளை நீச்சலைத் தவிர வேறு எதிலும் வேகம் வராது என்பதால் அந்தப் பெயர். அவள் வாயில் வைத்த வாழைப்பழத்தை விழுங்காமல் தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது.

பொய் சொன்னவர் நிம்மதியாக இருக்க முடியுமா? முன்வரிசையில் மருந்துக்கடை நடத்தும் அம்மா ஒருவர், தன் மகனோடு. காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"எவ்வளவுங்க காய்ச்சல்?"

"அது... நூத்தி ரெண்டு இருக்கும்."

"நூத்தி ரெண்டா! அவ்வளவு காய்ச்சலோட பிள்ளையை விட்டுட்டா வந்தீங்க?"

"இல்லல்ல, இறங்கிடுச்சு. நூறுதான்."

"ஒரே ராத்திரியில இறங்கினா திரும்ப ஏறும். தொண்டை வலி இருக்கா? வாந்தி?"

தொப்பி மாமா திருதிருவென்று விழித்தார். தொண்டை வலி உண்டு என்றார், வாந்தி கிடையாது என்றார். இருமலுக்கு என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. பஸ் நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் மகளுக்கு முழு நோயாளி அந்தஸ்து வந்துவிட்டது. அதோடு விட்டதா? பெரிய பெண் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடிக்க, பஸ் மொத்தமும் "அக்கா, சீக்கிரம் குணமாகி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தி வீடியோ எடுத்தார்கள். "மாமா, நீங்களும் கையை ஆட்டுங்க!" என்றார்கள். ஆட்டினார். வேறு என்ன செய்வார்? வீடியோ அந்த நிமிடமே மகளுக்குப் பறந்தது.

போட்டி நடந்த குளம் ஒரு பெரிய கட்டடத்துக்குள் இருந்தது. கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் வந்து அப்பியது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குருடானார்கள். ஆளுக்கொரு மன்றம், ஆளுக்கொரு நிறத் துண்டு, மேலே உத்தரம்வரை எதிரொலிக்கும் கூச்சல். தொப்பி மாமா சுவரோரம் ஒரு பெஞ்சைப் பிடித்து, பவுடர் டப்பாவைத் திறந்து, கடை விரித்துவிட்டார். வரிசை நின்றது. இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விரிப்பார், நெற்றியில் வைப்பார், பிள்ளை முன்னால் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் ஒரே இழு. காதைத் தடவி ஒரு தட்டு. "போ கண்ணு." கொஞ்ச நேரத்துக்குப் பொய் மறந்தே போயிற்று. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது போன் வந்தது. மகள்.

"அப்பா, எனக்குக் காய்ச்சலாமே? தொண்டை வலியாமே? ஒத்திகையில உட்கார்ந்திருக்கேன், பத்து பேரு மெசேஜ் போட்டுட்டாங்க. மருந்துக்கடை ஆன்ட்டி வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்றாங்க."

"அது வந்தும்மா..."

"உனக்குப் போகணும்னா நீ போ, நான் வேண்டாம்னா சொன்னேன்? நான் சந்தோஷமா விட்டேன்பா. அதைப் போய் ஏன் நோயாக்கறே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்தவர், கட்டைவிரலில் ஒட்டியிருந்த பவுடரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிலேக்கு அழைப்பு வரும் நேரம். நாலு பெண்கள். முதலில் மல்லாந்து நீந்துகிறவள், இரண்டாவது தவளை நீச்சல், பிறகு பட்டாம்பூச்சி, கடைசியில் எந்த நீச்சலும் நீந்தலாம். மூன்று பெரிய பெண்களும் தொப்பி போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தவளை மட்டும் கையில் தொப்பியை வைத்து முறுக்கிக்கொண்டு வந்தாள். உதடு நீலமாக இருந்தது. குளத்து அறையில் குளிரே இல்லை.

"மாமா, நான் தப்புப் பண்ணிட்டா அக்கா கோவிச்சுக்குவாங்களா?"

"அவ ஏன் கோவிச்சுக்கறா?"

"அவங்க இடமாச்சே. நான் ஒரு நாளைக்குக் கடன் வாங்கின மாதிரிதானே? கெடுத்துட்டா? அதான் மெதுவாப் போகலாம்னு இருக்கேன். மெதுவாப் போனா தப்பு வராதுல்ல?"

அவர் தொப்பியை விரித்தபடியே நின்றுவிட்டார். அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் வாழ்க்கையில் முதல்முறையாக ரிலே நீந்தப் போகிறாள். அதையும் இரவல் சட்டை போல அழுக்குப் படாமல் திருப்பித் தரப் பார்க்கிறாள். எதற்காக? ஒரு சோஃபா தைக்கிறவர் பஸ்ஸில் உட்கார்ந்து வர ஆசைப்பட்டதற்காக. சொன்னால் தன் இடம் போகும். சொல்லாவிட்டால் இவளுடைய இடம் இவளுக்குத் தெரியாமலே போகும்.

தொப்பியை அவள் நெற்றியில் வைத்தார். "முன்னாடி பிடிச்சுக்கோ. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அக்காவுக்குக் காய்ச்சல் இல்ல. அவ நீச்சலை விட்டுட்டா. இனிமே வரமாட்டா."

தொப்பிக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் மேலே பார்த்தன. "நெஜமாவா?"

"நெஜமா. மாமா பொய் சொல்லிட்டேன். இது உன் இடம்டா கண்ணு. நாளைக்கும் உன் இடம்தான். நீ கெடுத்தா உன்னோடதைத்தான் கெடுக்கறே, வேற யாரோடதையும் இல்ல."

பின்பக்கம் ஒரே இழு. காதில் ஒரு தட்டு. அவள் ஓடிவிட்டாள். மெதுவாக நடக்கச் சொல்லி யாரோ விசில் ஊதினார்கள்.

போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்லாந்து நீந்திய பெண் இரண்டாவதாக வந்து சுவரைத் தொட்டாள். தவளை குதிக்க வேண்டும். குதிக்கவில்லை. மேடைமேல் நின்று, தொட்டது தொட்டதுதானா என்று குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "தாவுடி!" என்று மன்றமே அலறிய பிறகுதான் விழுந்தாள். அதற்குள் எல்லோருக்கும் பின்னால் போயாயிற்று. ஆனால் விழுந்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! தலை எழும்ப, முங்க, எழும்ப, யாரோ துரத்துவது போல ஒரு நீச்சல். திரும்பி வருவதற்குள் தன்னைவிட ஒரு தலை உயரமான இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். மற்ற இருவரும் முக்கி முனகி அதைக் காப்பாற்றினார்கள். மூன்றாவது இடம். தொப்பி மாமா சுவரை விட்டுவிட்டு, அவர் எந்நாளும் போகாத குளத்து விளிம்புக்கே போய் நின்று கத்திக்கொண்டிருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது அவருக்குத் தெரியவில்லை.

தவளை தண்ணீரை விட்டு ஏறினாள். ஏறியதும் ஏறாததுமாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மன்றம் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து ஒரு கத்து.

"மேடம்! அக்காவுக்குக் காய்ச்சலே இல்லையாம்! இனிமே வரவேமாட்டாங்களாம்! இது என் இடமாம்! மாமா சொன்னாரு!"

அந்தக் கூரைக்கு எதிரொலி வேறு. மூன்று மன்றத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக்கடை அம்மா கையில் வைத்திருந்த மாத்திரை அட்டையை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டார். தொப்பி மாமா அசடு வழிய நின்றார். பயிற்சியாளர் அம்மா அவரை நோக்கி நடந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"எப்ப விட்டா?"

"திங்கக்கிழமைங்க."

"அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் பொண்ணுக்கு ரிலேல எப்படித் தாவறதுன்னு சொல்லிக் கொடுத்திருப்பேன். இன்னைக்குப் பாருங்க, மேல நின்னு வேடிக்கை பார்க்கறா. அவ நீந்தின நீச்சலுக்கு முதல்ல வந்திருக்கணும்."

"தப்புதாங்க மேடம்."

"எதுக்குங்க பொய்?"

சுற்றி வளைக்க இனி ஒன்றும் இல்லை. "பிள்ளை இல்லாட்டி பஸ்ஸுல இடம் இல்லையே மேடம். எனக்கு வரணும்போல இருந்துச்சு."

பயிற்சியாளர் அம்மா தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். "விதின்னா எல்லாருக்கும் விதி. உங்களுக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு மச்சானைக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க. அடுத்த தடவை என்னால ஏத்த முடியாது. என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"இல்லங்க மேடம். நியாயம்தான்."

நியாயம் என்று வாய் சொன்னது. நெஞ்சு கனத்துக் கிடந்தது. ஆனாலும் ஓர் ஆறுதல், காய்ச்சல் நூறா நூற்றிரண்டா என்று இனி நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. மத்தியானம் முழுவதும் அவர் வரிசையில் வந்த தலைகளுக்கு எல்லாம் தொப்பி போட்டார். ஒவ்வொரு தலையையும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார், அவ்வளவே. இந்தச் சுருட்டைத் தலை, இந்த உச்சியில் இரட்டைச் சுழி, இந்தப் பொடுகுத் தலை. எல்லாம் கைக்குப் பழகிய தலைகள். இனி எந்தச் சோஃபாவும் "மாமா, காது மாட்டிக்கிச்சு" என்று சொல்லப்போவதில்லை என்று நினைத்தபோது கண் கலங்கியது. மருந்து கலந்த தண்ணீர் பட்டதாகச் சொல்லிக்கொள்ள அங்கே வசதியாக இருந்தது.

சாயங்காலம் பஸ் கிளம்பியது. ஈரத் துண்டுகள் ஜன்னல்களில் தொங்கின. பிள்ளைகள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி அன்றைய போட்டிகளை மீண்டும் ஒருமுறை வாயாலேயே கத்தி நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர் மகளைக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"நல்லதாப் போச்சு. தவளை எப்படி நீந்தினா?"

"உன்னைவிட நல்லா."

"இருக்கும், இருக்கும்" என்று மகள் சிரித்தாள். "வாப்பா, வந்து முழுசாச் சொல்லு."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தால், தவளை இருக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். முடியிலிருந்து சட்டையில் தண்ணீர் சொட்டியது. அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பயிற்சியாளர் அம்மாவின் இடத்துக்குப் போனாள்.

"மேடம், எனக்கும் ஒரு பெரியவங்களுக்கு இடம் உண்டுதானே?"

"உண்டு. உங்க அம்மாதான் வரதே இல்லையே."

"அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமையும் ஆஸ்பத்திரியில டியூட்டி. நர்ஸுக்கு லீவு கிடையாதாம். என் பெரியவங்க இடம் ஒவ்வொரு தடவையும் சும்மா போகுது. அதுல தொப்பி மாமா வரட்டும்."

"அதை உங்க அம்மா சொல்லணும்."

"சொல்லிட்டாங்க." மருந்துக்கடை அம்மாவின் போனை நீட்டினாள். முன்வரிசையில் மருந்துக்கடை அம்மா ஜன்னலுக்கு வெளியே இல்லாத எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டி முடிஞ்சதும் பேசினேன். தாராளமா வரட்டும், எனக்கும் நிம்மதின்னு சொன்னாங்க. வேணும்னா நீங்களே கேட்டுக்கோங்க."

பயிற்சியாளர் அம்மா போனை வாங்கி, பேசினார். "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து தொப்பி மாமாவிடம் வந்தார்.

"விதியில அம்மா அப்பான்னு இல்ல, பெரியவர்னுதான் வச்சேன். ஆனா ஒண்ணு. இவ துண்டைத் தொலைச்சா நீங்கதான் தேடணும். சாப்பிடலைன்னா நீங்கதான் ஊட்டணும். இவளுக்கு என்ன ஆனாலும் நான் உங்களைத்தான் கேப்பேன். சம்மதமா?"

தொப்பி மாமா மடியிலிருந்த பையை இறக்கி வைத்தார். "என்னையே கேளுங்க மேடம்."

"இப்பவே கேக்கலாமா?" என்றது ஒரு சின்னக் குரல். தவளை ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் வாயையும் பிடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

பிள்ளைகள் கத்திக்கொண்டு விலகினார்கள். தொப்பி மாமா பாய்ந்து எழுந்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார். பக்கத்து இடத்தில் தானும் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்து, அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.